பிரவுன் ஷீட்டை ஆடு தின்றுவிட்டது

மகனே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆட்டுக்கு மட்டும் முந்தாநாளிலிருந்து வயிறு கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாளைக்கு நீயும் சுமதியும் தாம்பரத்திலிருந்து வந்து இறங்கியதும், மகியின் துணிப்பையைப் பார்க்கிறாயோ இல்லையோ, புத்தகப் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். திறந்தால் நீ பார்த்துப் பார்த்துப் போட்ட பிரவுன் ஷீட் அட்டை ஒன்றுகூட இருக்காது. உடனே "மகீ!" என்று வீடு அதிரக் கத்துவாய். கத்துவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. தின்றது ஆடு. ஊட்டிவிட்டது உன் மகள். தடுக்காமல் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தது நான். இந்த மூன்று பேரில் யாரைத் திட்டுவது என்று நிதானமாக முடிவு செய்துகொண்டு அப்புறம் திட்டு.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம், நேரில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நேரில்தானே சொன்னேன்? நான் பேச ஆரம்பித்து இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் நீ ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாய். மூன்றாவது வாக்கியத்தில், "இன்னா நைனா நீ, உனுக்கு இதெல்லாம் புரியாது, சொம்மா இரு" என்றாய். கடிதம் என்றால் இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும், ஃபோனை எடுக்கக் கை மிச்சம் இருக்காது. நடுவில் பதில் பேசவும் முடியாது. உறைக்குள் போட்டு ஒட்டவில்லை. சுமதியும் படிக்கட்டும், அவள் அக்காவும் மாமாவும் படிக்கட்டும், மூன்று வயசுப் பிள்ளையை உட்கார வைத்துப் பரீட்சை நடத்துகிற எவன் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

ஆயுத பூஜைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தப் பெட்டி வந்தது. உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெண் குழந்தைக்குக் கம்மல் வாங்குகிறவன் இருக்கிறான், பட்டுப்பாவாடை வாங்குகிறவன் இருக்கிறான், என் மகன் ஆன்லைனில் புத்தகம் போட்டு வரவழைத்திருக்கிறான் என்று ஏரிக்கரை டீக்கடையில் நானே இரண்டு பேரிடம் சொன்னேன். கெட்டி கெட்டியாகப் பக்கங்கள், வழவழவென்று படங்கள், ஒரு புத்தகத்தில் ஆட்டுக்குட்டி மேல் நிஜமாகவே பஞ்சு ஒட்டியிருந்தது. மகி வாயைப் பிளந்துகொண்டு பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். "ஏய், தொடாத! கைய கயுவிக்கினு வா" என்று ஒரு அதட்டல் போட்டாய். பிள்ளை குழாயடிக்கு ஓடிப்போய்க் கையைக் கழுவி, கவுனில் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் பெட்டி பீரோ மேல் ஏறிவிட்டது. அட்டை போட்டுவிட்டுத்தான் தருவேன் என்றாய். அவள் ஈரக்கையோடு பீரோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அட்டையும் போட்டாய். உன் கைச்சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உன் நோட்டு மூலை மடங்காது. பஸ் ஸ்டாண்டு கடையில் பிரவுன் ஷீட் சுருள் வாங்கிவந்து, கூடத்தில் விரித்துப்போட்டு, கத்தரித்து, மடித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் போட்டாய். மேலே லேபிள் வேறு. பெயர்: மகிழினி. வகுப்பு: ப்ரீகேஜி. பிரிவு: ஏ. இன்னும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லையே, எந்த ஏ பிரிவு என்று கேட்டேன். "ஒரு இதுக்காவ எய்தினேன் நைனா" என்றாய். மறுநாள் எல்லாவற்றையும் இறக்கிப் பிள்ளை முன்னால் அடுக்கினாய். அவள் ஒன்றை எடுத்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அடுத்ததை எடுத்தாள், அதையும் அப்படியே பார்த்தாள். கடைசியில் காலிப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிவிட்டு என்னிடம் வந்து, "தாத்தா, பொம்ம எங்க?" என்றாள்.

அட்டை போடுவது நல்ல பழக்கம்தான். வருஷம் பூராவும் பையில் கிடந்து அடிபடுகிற கணக்குப் புத்தகத்துக்குப் போடு. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு மேலட்டைப் படம்தானே புத்தகத்தின் பெயர்? நம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லா பஸ்ஸிலும் போர்டைக் கழற்றிவிட்டு, செங்கல்பட்டு போகிறவனைப் பார்த்து ஏறு என்றால் அவன் எதில் ஏறுவான்? இது வேண்டும், அது வேண்டாம் என்று அவள் பொறுக்கி எடுக்க வழியில்லாமல் பண்ணிவிட்டாய். அப்புறம் அவளுக்கு விருப்பமே இல்லை என்று புகார் சொல்கிறாய்.

போதாத குறைக்கு உன் அம்மா. ஆயுத பூஜை அன்றைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், உன் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு இந்தப் புத்தகங்களுக்கும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள். இன்றைக்குத் தொடக்கூடாது, நாளைக்குத்தான் என்றாள். சரி, ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அதோடு விட்டாளா? அதற்கப்புறம் பிள்ளையின் கால் புத்தகத்தில் லேசாக உரசினால் போதும், "ஐயையோ, சரஸ்வதிடீ! கண்ணுல ஒத்திக்கோ, ஒத்திக்கோ" என்று ஒரே ஆர்ப்பாட்டம். நீயும் கூடச் சேர்ந்துகொண்டு "ஆயா சொல்றது கேக்கல?" என்பாய். மூன்று வயசுப் பிள்ளை எப்படிப் புத்தகம் பார்க்கும்? காலை நீட்டிப்போட்டு, காலின் மேலேயே விரித்து வைத்துத்தான் பார்க்கும். அதற்கு வேறு மேஜை ஏது? ஒரு பக்கம் புரட்டுவதற்குள் இரண்டு தரம் கண்ணில் ஒத்திக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. அவளும் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். புத்தகம் என்றால் கையில் வாங்க வேண்டும், கண்ணில் ஒற்ற வேண்டும், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். சரஸ்வதி கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், நீயும் உன் அம்மாவும் நடுவில் பூசாரியாக நின்றுகொண்டீர்கள்.

அடுத்தது உன் சாயங்கால வகுப்பு. ஒரகடத்தில் உனக்குக் குவாலிட்டியில் வேலை. வருகிற பார்ட்டைக் கையில் எடுத்து, அளந்து, சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் என்று போடுகிறாய். நல்ல வேலை, அதில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்த வேலையைக் கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஏன் வருகிறாய் என்றுதான் கேட்கிறேன். வந்து இறங்கி, முகம் கழுவி, டீ குடித்ததும் பிள்ளையை எதிரே உட்கார வைப்பாய். மடியில் இல்லை, எதிரே. பெட்டியிலிருந்து எப்போதும் அந்தப் பழப் புத்தகத்தைத்தான் எடுப்பாய். மற்றதெல்லாம் கதைப் புத்தகம், இது முடிந்தபிறகுதான் அது என்றாய். அது முடியவே இல்லை.

"இது இன்னா?"

"ஆப்பிள்."

"இன்னா கலரு?"

"ரெட்டு."

"இது இன்னா?"

"அப்பா, எறும்பு கீது. பாரு, போவுது."

"எறும்ப உடு. இது இன்னா, சொல்லு."

அந்த எறும்பு திராட்சைப் படத்தின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். பழம் என்று நினைத்து வந்து ஏமாந்திருக்கும். அது எங்கே போகிறது என்று அவளை இரண்டு நிமிஷம் பேச விட்டிருந்தால், வாய் ஓயாமல் பத்து வார்த்தை புதிதாகப் பேசியிருப்பாள். நீ அதை ஊதித் தள்ளிவிட்டு "கிரேப்ஸ்னு சொல்லு" என்றாய். இதில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து வீடியோ வேறு. நாலு நாள் பார்த்தாள். ஐந்தாவது நாள் கம்பெனி பஸ் ஹாரன் சத்தம் கேட்டதும் ஆட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நீ அப்பனாக இறங்குகிறாயா வாத்தியாராக இறங்குகிறாயா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உனக்கு நினைவிருக்காது, சொல்கிறேன். உனக்கு இரண்டு வயசிருக்கும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு படப் புத்தகம் வாங்கிவந்தேன். மழையில் நனைந்த கரடி ஒன்று குடை தேடி ஊர் ஊராக அலைகிற கதை. வாங்கிவந்த மூன்றாம் நாளே அதன் கடைசிப் பக்கத்தை நீ தின்றுவிட்டாய். உன் அம்மா விரலை விட்டு எடுப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. அதனால் அந்தக் கரடிக்குக் குடை கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்டைத் திட்டப் போகிறாயே, அதற்கு முன்னால் இதையும் ஞாபகம் வைத்துக்கொள். முடிவு இல்லாத புத்தகத்துக்கு நானாக ஒரு முடிவு வைத்தேன். கரடி நம் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது, நீ போய் என் கறுப்புக் குடையை எடுத்துக் கொடுக்கிறாய், அது கும்பிட்டுவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். அதையே தினமும் கேட்டாய். ஒரு நாள் நடவு வேலை முடிந்து வந்த அலுப்பில், கரடிக்குச் சாக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ புரண்டு புரண்டு அழுதாய். "அப்டி இல்ல நைனா, கொட தரணும்!" என்று கரடி கையில் குடையைக் கொடுக்கிறவரைக்கும் விடவில்லை.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை மக்கு என்று நீ சுமதியிடம் சொன்னாயாமே. நீ எவ்வளவு பெரிய மக்காக இருந்தாய் தெரியுமா? நாலு வயசில் அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, விரலை ஓட்டி, ஒரு வார்த்தை பிசகாமல் கன்றுக்குட்டிக்குப் படித்துக் காட்டினாய். கரடி என்ன கலர் என்று உன்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீயும் கொட்டகைக்குள்தான் போயிருப்பாய். நீ இன்றைக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவது அந்தக் கரடியால்தான் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நீ புத்தகத்தைப் பார்த்து ஓடி வந்தாய், உன் மகள் புத்தகத்தைப் பார்த்து ஓடிப் போகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் டவுனில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கைக்குப் போனோமே, நானும் கூட வந்தேன். அந்த டீச்சரம்மா நல்ல மாதிரி. சிரித்த முகமாக மகியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெரிய படப் புத்தகம் ஒன்றை எடுத்து, "உனக்குப் பிடிச்ச படம் ஒண்ணு காட்டு பார்க்கலாம்" என்றார்கள். உன் மகள் எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் வாங்கினாள். வலது கண்ணில் ஒற்றினாள், இடது கண்ணில் ஒற்றினாள், பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். டீச்சரம்மா மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். "வீட்ல புக்கெல்லாம் காட்டறதில்லையா சார்?" என்று அவர்கள் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். நீ முகம் கறுத்துப்போய் எழுந்தாய். இன்னும் கொஞ்சம் பழக்கிவிட்டு அடுத்த மாதம் கூட்டி வாருங்கள் என்று அவர்கள் சொன்னது உன் காதில் ஏறவே இல்லை.

திரும்பி வரும்போது பைக்கில் நீ பேசியதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. "மானத்த வாங்கிட்டா நைனா. அவ்ளோ புக்கு வாங்கி வச்சிக்கினு கீறேன், ஒரு படத்த காட்ட தெரியல" என்றாய். அவள் முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வந்து இறங்கியதும் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நான் நல்லா ஒத்திக்கினேன் இல்ல?" என்று கேட்டாள். நீ பைக் சாவியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன்னிடமும் உன் அம்மாவிடமும் கற்றுக்கொண்டதை அந்தப் பிள்ளை சபையில் ஒரு பிசகு இல்லாமல் செய்து காட்டியிருக்கிறது. அதற்கு ஒரு தலையாட்டல்கூட உன்னிடம் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு உன்னை என்ன செய்திருப்பேனோ, வயல் பக்கம் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் தாம்பரம் என்று ஆரம்பித்தாய். சுமதியின் அக்கா வீட்டில் பிள்ளையை விடுவதாம், அங்கே பெரிய ப்ளே ஸ்கூலில் சேர்ப்பதாம், நீங்கள் சனி ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவதாம். "இங்கியே கெடந்தா மக்காதான் பூடும் நைனா." மூன்றரை வயசுடா! நீங்கள் இல்லாத இந்த மூன்று ராத்திரியுமே அம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் அது தூங்கியது. சுமதி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தாத்தாவுக்குப் பொழுது போகாது, அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் வீடு எடுத்துப் பிள்ளையோடு குடித்தனம் போனால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாமானை நானே வண்டியில் ஏற்றி அனுப்புவேன். பிள்ளையை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாயே, அதுதான் வயிற்றெரிச்சல். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பது இதுதான்.

இனி ஆட்டுக் கதைக்கு வருகிறேன். நீங்கள் அந்தப் ப்ளே ஸ்கூலில் இடம் கேட்கத் தாம்பரம் கிளம்பிய மறுநாள் காலையில், நீ சொல்லிவிட்டுப் போனபடி மகியின் துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு, புத்தகப் பெட்டியையும் இறக்கி வாசலில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிட்டது. மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று உனக்கே தெரியும். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வெள்ளாடு பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறது. ஒரு புத்தகத்தின் அட்டை பாதி அதன் வாயில். மகி பக்கத்திலேயே நிற்கிறாள். நான் துண்டை உதறிக்கொண்டு விரட்டப் போனேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, அடிக்காத! உள்ள எரும கீது! பாரு, உள்ள எரும கீது!"

பார்த்தேன். பிரவுன் ஷீட் போன இடத்தில் நீலக்கலரில் ஒரு பெரிய குளியல் தொட்டி, அது நிறைய நுரை, நுரைக்குள் ஒரு குண்டு மிருகம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. பெட்டி வந்த நாளிலிருந்து அந்தப் படம் நம் வீட்டில்தான் இருந்திருக்கிறது, அவள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அப்புறம் என்ன, அடுத்த புத்தகத்தை அவளே எடுத்தாள், அட்டையை உருவினாள், ஆட்டிடம் நீட்டினாள். "இந்தா, துன்னு." உள்ளே ரயில் வந்தது. அடுத்தது உருவினாள், நிலா வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல், ஒரு குதி. நீ ஸ்டேப்ளர் ஊசி அடிக்காமல் வெறும் மடிப்பாகப் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. லேபிளை மட்டும் நான் கிழித்து வாங்கிக்கொண்டேன், பசை ஆட்டுக்கு ஆகாது. உன் அம்மா சத்தம் கேட்டு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சரஸ்வதிய ஆட்டுக்குப் போட்டுக்கினு கீறீங்களே, தாத்தாவும் பேத்தியும் சேந்து!" என்றாள். சரஸ்வதி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள், நீ கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். எனக்கு அது தேவைதானா, அன்றைக்கு நாஷ்டா ஆறித்தான் கிடைத்தது.

எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிட்டு, எது வேண்டும் என்று கேட்டேன். கிராமத்துப் பிள்ளை, பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டியைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிஜ ஆடு பக்கத்திலேயே நிற்கும்போது அவளுக்கு அது எதற்கு? தொட்டிக்குள் கிடந்த குண்டு மிருகத்தைத்தான் எடுத்தாள். எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். புத்தகத்தில் கால் பட்டது. உன் அம்மா வாயைத் திறந்தாள், நான் முறைத்தேன், மூடிக்கொண்டாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். அது எருமை இல்லை, நீர்யானை என்பது மட்டும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், என்னவோ தோன்றிச் சொல்லவில்லை. ஏரித் தண்ணீரில் கழுத்தளவு கிடப்பது எல்லாம் அவளுக்கு எருமைதானே. அவள் பேசட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்.

"தாத்தா, இதுக்குக் கொம்பு எங்க?"

"தெரியிலியே கண்ணு."

மறுபடியும் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டிப் பின்னால் தேடினாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைத் தொட்டுக் காட்டினாள்.

"கயட்டி வச்சிட்டு குளிக்குது. நீ வாட்ச்ச கயட்டி வச்சிட்டுதான குளிப்ப? அதே மாரி."

சொல் மகனே, இது மக்கா? கொம்பு இல்லை என்று கண்டுபிடித்து, ஏன் இல்லை என்று யோசித்து, நான் தினமும் செய்கிற காரியத்தை எங்கிருந்தோ எடுத்துக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறாள். எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இதை எந்தப் ப்ளே ஸ்கூலில் கேள்வித்தாளாகக் கொடுப்பார்கள்? நான் செய்ததெல்லாம் தெரியவில்லை என்று சொன்னது ஒன்றுதான். நீ இருந்திருந்தால் "அது எரும இல்ல, ஹிப்போ. ஹிப்போன்னு சொல்லு" என்றிருப்பாய். அவளும் ஹிப்போ என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போயிருப்பாள். ஹிப்போ எங்கேயும் ஓடிவிடாது. நாலு நாள் கழித்து அவளே இது எருமை இல்லையே என்பாள், அப்போது பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

நேற்றும் அதே புத்தகம். இன்றைக்குக் காலையிலும் அதே புத்தகம். கொம்பை எங்கே கழற்றி வைத்தது என்று ஒரு பக்கத்துக்கு ஒரு கதை சொல்கிறோம். குழாய் மேல் வைத்தது என்று நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஜன்னல் என்று மாற்றிவிட்டேன். "அப்டி இல்ல தாத்தா, கொயாய் மேல!" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நீ. உன் அம்மாகூட அரிசி புடைக்கிறேன் என்று முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு அரிசிகூடப் புடைத்த மாதிரி தெரியவில்லை. நடுவில், "அந்த சோப்பு கீழ வியுந்து கீது பாரு" என்று அவளே படத்தைக் காட்டினாள். கண்ணில் ஒற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உனக்கு நான் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எதிரே உட்காராதே, மடியில் வைத்துக்கொள். அவள் எடுத்ததைப் படி, நீ எடுத்ததைத் திணிக்காதே. இங்கிலீஷ் புத்தகம் இருக்கட்டும், தமிழிலும் நாலு வாங்கு, எனக்கும் உன் அம்மாவுக்கும் படித்துக் காட்ட ஆகும். இங்கிலீஷில் இருப்பதையும் நம் பேச்சில் சொல்லு, சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். பாதியில் எழுந்து ஓடினால் ஓடட்டும், புத்தகம் எங்கேயும் போகாது. கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஃபோனை அந்த நேரத்துக்கு மட்டும் பீரோ மேல் வை. புத்தகத்தை அங்கேதானே வைத்திருந்தாய், அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தவனை எழுத வைத்தது இன்றைக்குக் காலையில் நடந்ததுதான். புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த எருமைப் புத்தகத்தை மட்டும் மகி உள்ளே வைக்க விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது அப்பாக்கு" என்றாள். அப்பாவுக்கு எதற்கடி என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது போல என் காதுகிட்ட வந்து சொன்னாள்.

"அப்பாக்குப் படிக்க தெரியாது தாத்தா. அதான் இது இன்னா, இது இன்னான்னு எல்லாத்தியும் என்னியே கேட்டுக்கினே கீது. பாவம். நான் சொல்லித் தரேன்."

இத்தனை நாளும் நீ அவளைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டிருந்தாய். அவள் உனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

நாளைக்கு நீ வருவாய். அவளுடைய துணிப்பை கட்டித்தான் வைத்திருக்கிறேன், நீ சொன்னதை நான் மீறவில்லை. ஆனால் பையைத் தூக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார். வாசலில், தரையில். அவள் வந்து உன் மடியில் சாய்ந்துகொள்வாள், கால் புத்தகத்தின் மேல் படும், பேசாமல் இரு. புத்தகத்தைத் திறந்து அவளே உன்னைக் கேட்பாள், கொம்பு எங்கே என்று. உனக்கு விடை தெரியும், நான்தான் எழுதித் தொலைத்துவிட்டேனே. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்து அதைச் சொல்லிவிடாதே. "தெரியிலியே கண்ணு" என்று சொல். அவள் சொல்லித் தருவாள். அதைக் கேட்ட பிறகும் தாம்பரம்தான் என்று உனக்குத் தோன்றினால், அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறேன்.

உன் நைனா